எங்க அத்தை அப்படியில்லை

அத்தியாயம் 12

போன அத்தியாயத்தைப் படித்த வாசகிகள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சவரியம்மாள் எப்போது தன் சுயரூபத்தைக் காட்டப்போகிறாள்?

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வாரமாக அந்த அம்மாள் சமைக்கிறாள், பூசைக்குப் போகிறாள், மருமகளோடு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். ஒரு பொல்லாப்பும் செய்யவில்லை. ஆனாலும் கதையில் மாமியார் என்று ஒருத்தி வந்துவிட்டால் போதும், அவள் கையில் விஷப்புட்டி எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரம் அந்தக் காத்திருப்புதான் கதையே.

விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் சவரியம்மாளின் வீடு. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து வெகுகாலமாயிற்று. மூத்த மகன் ராபினுக்கு எலக்ட்ரிகல் கடை. அவன் மனைவி சகாயராணி பள்ளிக்கூட ஆசிரியை. இளையவன் கிறிஸ்துராஜ் வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். அவனுக்குத்தான் செம்பட்டி பவுல்ராஜின் மகள் டெய்சியைப் பேசி முடித்திருக்கிறார்கள்.

கத்தோலிக்க வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலில் நடக்கும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு மணி நேரம் டாக்டர் பேசுவார், ஒரு மணி நேரம் சாமியார் பேசுவார். குடும்ப உறவுகள் என்ற பாடத்தை இந்தத் தடவை சகாயராணியிடம் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்திருந்த ஜோடிகளில் அவளுடைய கொழுந்தனும் டெய்சியும் இருந்தார்கள்.

சனிக்கிழமை அந்த வகுப்பு நடந்தது. சகாயராணி சுவரில் ஒரு பெரிய சார்ட்டை ஒட்டினாள். மாமியார் என்றதும் மனதில் என்ன வருகிறதோ மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள். பின்வரிசைப் பையன் ஒருவன், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பார்கள் என்றான். சிரிப்பு கிளம்பியது. அப்புறம் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மகனைக் கைக்குள்ளேயே வைத்திருப்பாள். கரண்டியை விட்டுத்தர மாட்டாள். மருமகளின் சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் தலைவலி வந்து படுத்துக்கொள்வாள். ‘என்ன இம்புட்டு மெலிஞ்சிருக்க, உங்க வீட்டுல சோறு போடலையா’ என்று அக்கறை போலவே குத்துவாள்.

எல்லாவற்றையும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டு, சகாயராணி ஒவ்வொன்றாக அடித்தாள். ஒவ்வொரு வரியை அடிக்கும்போதும் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்.

“எங்க அத்தை அப்படியில்லை.”

சொல்லிவிட்டு, அதற்குப் பொருத்தமாகச் சவரியம்மாளைப் பற்றி ஒரு சம்பவம். பேறுகாலத்தில் தன்னைக் குளிப்பாட்டிவிட்டது. பி.எட். பரீட்சைக்கு முந்தின இரவு டீ போட்டுக்கொண்டு கூடவே விழித்திருந்தது. ஹாலில் கைதட்டல். அடுத்த வகுப்புக்கும் நீங்கள்தான் வர வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். டெய்சியும் கை தட்டினாள். ஆனால் அவள் கண் அந்தச் சார்ட்டை விட்டு நகரவில்லை.

இனி, ஞாயிற்றுக்கிழமை.

*

அன்றைக்கு முதல் ஓலை. கல்யாணம் நிச்சயமான ஜோடிகளின் பெயரைத் தொடர்ந்து வரும் ஞாயிறுகளில் பூசையில் வாசிப்பார்கள். ஆட்சேபணை இருப்பவர்கள் சொல்லலாம் என்பதற்காக. மாப்பிள்ளையின் கோயிலிலும் வாசிப்பார்கள், பெண்ணின் கோயிலிலும் வாசிப்பார்கள்.

சவரியம்மாள் நிச்சயத்துக்கு எடுத்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெயரை வாசித்து, “திருமணத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்” என்று முடித்தபோது, எவனாவது வாயைத் திறந்துவிடுவானா என்பதுபோலத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் பேச்சும் பார்வையும் எப்போதுமே அப்படித்தான். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட குரல். யோசித்துப் பேசிப் பழக்கமே கிடையாது. மனதில் பட்டால் சொல்லிவிடுவாள், சொன்னதும் மறந்தும் விடுவாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது நேற்றைய வகுப்பில் இருந்த ஒரு பெண் சகாயராணியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அக்கா மாமியார் வீட்டில் படாத பாடு பட்டுத் திரும்பி வந்தவளாம். இந்தப் பெண்ணைக் கட்டிக்கப்போகிறவன் அதை இதுநாள் வரைக்கும் நம்பவில்லை. பெண்கள் பெரிதுபடுத்திச் சொல்வது என்று நினைத்திருந்தான். “நேத்து நீங்க பேசுன பெறகுதான் டீச்சர், ராத்திரி போன் பண்ணி, அக்காவுக்கு என்னதான் நடந்துச்சுன்னு கேட்டாரு” என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்தாள்.

சகாயராணிக்குத் தரையில் கால் பாவவில்லை. இதற்காகத்தானே பேசுவது. எல்லாரும் மனதுக்குள் வைத்திருக்கிற அழுக்கை வெளியே எடுத்துப் போட்டால்தானே கழுவ முடியும். பள்ளிக்கூடத்தில் அவள் இதைப் பல வருடமாகச் செய்கிறாள். இந்த ஊர்க்காரன் இப்படி, இந்தத் தெருக்காரன் அப்படி என்று பிள்ளைகள் சொல்லும்போது அதட்டி வாயை மூடவைக்க மாட்டாள். சொல்லவிட்டு, எங்கிருந்து கேட்டாய் என்று கேட்பாள்.

வீட்டுக்கு வந்தால், ராபின் பேகம்பூரில் கறி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பவுல்ராஜ் வருவதாகப் போன் வந்திருந்ததால் சவரியம்மாள் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சம்பந்தி வருகிறார் என்ற சந்தோஷம். கறிக்குழம்பு, வெஞ்சனத்துக்கு முட்டையும் கத்தரிக்காயும். மாடியில் மணமக்களுக்காகக் கட்டிய அறையில் பெயிண்ட் வாடை போகட்டும் என்று ஜன்னல்களை எல்லாம் திறந்துவைக்கச் சொன்னாள்.

*

பவுல்ராஜ் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். மனைவி இறந்தபோது டெய்சிக்குப் பேச்சுகூடத் திருந்தவில்லை. மறுகல்யாணம் செய்யாமல் மகளை வளர்த்து, பி.பார்ம் படிக்கவைத்து, செம்பட்டியிலேயே ஒரு மெடிக்கலில் வேலைக்கும் சேர்த்துவிட்டவர். அவர் பேச வந்ததைப் பேசாமல் வெயிலைப் பற்றியும் வாழைத்தார் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோதே சகாயராணிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்கிறக் கூடாது. பிள்ளைக ரெண்டு பேரும் மொத ஒரு வருசம் தனியா இருக்கட்டுமேன்னு பாக்கேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீடு இருக்கு. வாடகைய நானே பாத்துக்கிறேன்.”

சவரியம்மாளின் கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள். மாடியில் அறை கட்டியது அவருக்குத் தெரியும். போன மாதம் வந்து அவரே ஏறிப் பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்.

“பிள்ளைக்கு வீடு பிடிக்கலையா?” என்று கேட்டாள்.

“அய்யய்யோ, அதெல்லாம் இல்ல. வீட்டுக்கென்ன.”

“அப்பறம்?”

பவுல்ராஜ் சகாயராணியைப் பார்த்தார். ஒரு நல்ல சேதியைச் சொல்லி நிலைமையைச் சரிக்கட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மனிதர்கள் இப்படித்தான் குழியில் விழுகிறார்கள்.

டீச்சர் நேற்று உங்களைப் பற்றி அவ்வளவு உயர்வாகப் பேசினார்களாமே என்று ஆரம்பித்தார். டெய்சி வந்து ஒன்றுவிடாமல் சொன்னாளாம். ஒட்டுக்கேட்கிற மாமியார் உண்டு, எங்கள் அத்தை கேட்க மாட்டார்கள். மகனைப் பிரியவிடாத மாமியார் உண்டு, எங்கள் அத்தை அப்படியில்லை. கரண்டியை விடாத மாமியார் உண்டு, எங்கள் அத்தை விட்டுவிடுவார்கள். அவர் ஒவ்வொன்றையும் பாராட்டாகவே சொல்லிக்கொண்டு போனார். சவரியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். சகாயராணிக்கு, தான் அடித்த வரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து கூடத்தில் வந்து உட்காருவது போலிருந்தது.

“நீங்க தங்கமானவுகதான். அதுல சந்தேகமே இல்ல” என்று முடித்தார் பவுல்ராஜ். “இருந்தாலும் எதுக்கும் ஒரு முன்ஜாக்கிரதைன்னு...”

தங்கமானவளிடம் எதற்கு முன்ஜாக்கிரதை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம், அவரிடமும் பதில் இருந்திருக்காது.

“சரி. உங்க பிரியம் போல செய்ங்க” என்றாள் சவரியம்மாள். “கை கழுவுங்க. சோறு ஆறுது.”

சாப்பாடு போடும்போது வழக்கமாக அவள் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இன்னும் ரெண்டு துண்டு வைச்சுக்கங்க, என்ன கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறீங்க என்று இலையைவிட்டு எழவிட மாட்டாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியை நீட்டிவிட்டு, போதும் என்றால் நிறுத்திக்கொண்டாள். பவுல்ராஜுக்கே அந்த அமைதி தாங்கவில்லை. அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

*

அவர் வண்டி தெருவைத் தாண்டியதும் கிறிஸ்துராஜ் மாடியிலிருந்து இறங்கி வந்தான். சாப்பிடும்போதுகூட அவன் கீழே வரவில்லை. டெய்சி நேற்று ராத்திரியே அவனிடம் சொல்லிவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“மதினி, நீங்க வகுப்பு எடுத்து முடிச்சிட்டீங்க. குடும்பம் நடத்தப்போறது நாங்க” என்றான். அதற்கு மேல் மதினியிடம் கோபமாகப் பேச வராமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ராபின் கேஸ் சிலிண்டரைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தான். அது நேற்றுதான் மாற்றியது. வீட்டில் சண்டை வருகிறது என்றால் ஆண்பிள்ளைகளே இப்படித்தான் என்று எழுத வந்தேன். இந்த வாரம் அப்படி எழுதக்கூடாது என்பதால் ராபின் மட்டும் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சகாயராணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அடுப்படிக்குப் போனாள். சவரியம்மாள் சட்டியில் மிச்சமிருந்த குழம்பைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, நான் உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசல.”

“தெரியுது.”

“எல்லாமே நல்லதாத்தான் சொன்னேன்.”

சவரியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீ என்னையத் திட்டியிருந்தா நான் சண்டை போட்ருப்பேன் ராணி. பாராட்டிட்டு வந்திருக்க. அதுக்கு நான் என்னத்தச் செய்ய?”

சகாயராணி விளக்க முயன்றாள். தினமும் டி.வி.யில் மாமியாரைப் பேயாகக் காட்டுகிறார்கள், அதை யாரும் தட்டிக்கேட்பதில்லை, அது பொய் என்று ஒருத்தி எழுந்து சொன்னால் மட்டும் அவள்மேல் பாய்கிறீர்களே என்றாள். காலையில் கோயிலில் அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் சொன்னாள். பேசாமல் இருந்தால் எல்லாம் தானாக மாறிவிடுமா என்று கேட்டாள். கேட்கக் கேட்கக் குரல் உயர்ந்தது. தன் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

சவரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு நல்லது நடந்துச்சுன்னா சந்தோசந்தான். நான் பேச வேணாம்னு சொல்லலத்தா. ஆனா நீ அம்புட்டு மாமியாளையும் வரிசையா நிக்க வச்சு, எங்க அத்தை மட்டும் இதுல இல்லன்னு என்னையத் தனியா ஒரு மேடையில ஏத்தி விட்டுட்ட. நாளைக்கு நான் ஒரு வார்த்தை சத்தமாப் பேசுனா என்ன ஆகும்? பாத்தியா, இவளும் அந்த வரிசையில உள்ளவதான்னு ஆயிருமா ஆகாதா?”

“அத்தை...”

“எனக்கு மூட்டுவலி வரும், எரிஞ்சு விழுவேன். குழம்புல உப்புக் கூடுனா கத்துவேன். உன்னைய எம்புட்டு நாள் கத்தியிருக்கேன். நீயும் திருப்பிக் கத்துவ. அதோட சரியாப் போயிரும். இனிமே அவகிட்ட நான் கத்த முடியுமா?”

தன்னிடம் அந்த அம்மாள் கத்திய கதைகளை நேற்று சகாயராணி சொல்லவே இல்லை. சார்ட்டில் இருந்த வரிகளை அடிப்பதற்கு அவை தோதுப்படவில்லை.

“இனிமே என்னையப் பத்தி வெளிய எதுவும் பேசாத. கெட்டதும் வேணாம், நல்லதும் வேணாம்” என்று சொல்லிவிட்டுச் சவரியம்மாள் பாத்திரத்தை மூடினாள்.

*

வெயில் தாழ்ந்த பிறகு சகாயராணி டெய்சிக்குப் போன் செய்தாள். செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டால் உடனே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்று நம்புகிறவள் அவள். கூடத்தில்தான் உட்கார்ந்து பேசினாள். சவரியம்மாள் நாலடி தள்ளிச் சுவரில் சாய்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழட்டும் என்று சகாயராணி ஸ்பீக்கரில் போட்டாள். மறைவாகப் பேசினால் அது வேறு வினையாகும்.

“டெய்சி, அப்பா வந்துட்டுப் போனாரு. எதுக்குப் பயப்படுற? நான்தான் இருக்கேன்ல. எங்க அத்தை அப்படியெல்லாம்...”

“நேத்தும் இதத்தானக்கா சொன்னீங்க” என்றாள் டெய்சி. கோபம் இல்லை. களைத்த குரல். “அப்படின்னா மத்தவங்க எல்லாம் அப்படித்தானா?”

“அப்படி இல்லைன்னு சொல்லத்தானே வகுப்பே எடுத்தேன்.”

“எனக்கு அப்படின்னு ஒன்னு இருக்குன்னே தெரியாதேக்கா.”

சகாயராணி புரியாமல் போனைப் பார்த்தாள்.

டெய்சி திக்கித் திக்கிச் சொன்னாள். அவள் வீட்டில் அம்மாவும் இல்லை, அப்பத்தாளும் இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரு வீட்டில் இருந்து அவள் பார்த்ததே கிடையாது. டி.வி. சீரியல் பார்க்கிற வீடும் இல்லை. அப்பாவுக்குச் செய்தி, அவளுக்குப் புத்தகம். கூட வேலை செய்கிற பெண்கள் ஏதாவது சொல்வார்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவாள். கிறிஸ்துராஜ் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார்கள் என்பதுதான் இந்தச் சம்பந்தத்திலேயே அவளுக்குப் பிடித்த முதல் விஷயம்.

“நிச்சயத்தன்னைக்கி அத்தை என் கன்னத்தப் பிடிச்சு, என்ன இம்புட்டு மெலிஞ்சிருக்கன்னு கேட்டாங்கக்கா. எனக்கு அன்னைக்கி ராத்திரி தூக்கமே வரல. அம்புட்டு சந்தோசம். அம்மா இருந்தா இப்படித்தான் கேட்ருப்பாங்கன்னு நெனச்சேன்.”

சுவரோரம் அரிசியில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

“நேத்து அதே வார்த்தைய நீங்க சிவப்பு மையில எழுதுனீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, அன்னைக்கி அத்தை எந்த அர்த்தத்துல கேட்டாங்கன்னு எனக்குத் தெரியலக்கா. இப்ப எதக் கேட்டாலும் இது அதுல சேருமா, சேராதான்னுதான் மனசு ஓடுது. இப்படி ஒரு மனசோட அந்த வீட்டுக்குள்ள நான் எப்படி வர முடியும்? அதான் அப்பாகிட்டச் சொன்னேன்.”

சகாயராணிக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த வரியையும் நேற்று அவள் அடித்தாள். எல்லார் முன்னாலும், அழுத்தி, குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஆனால் கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்தை எல்லாராலும் வாசிக்க முடிந்தது. வாசிக்கவே தெரியாமல் இருந்த ஒருத்திக்கு அவள்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். காலையில் ஒரு பெண் கையைப் பிடித்து நன்றி சொன்னதும் இதே வகுப்புக்குத்தான். இரண்டில் எதை எண்ணிக்கொண்டு அடுத்த மாதம் அந்த ஹாலில் போய் நிற்பது?

இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

“இரு, அத்தைகிட்டக் குடுக்கேன். நீயே பேசு” என்று போனை நீட்டினாள்.

சவரியம்மாள் எழுந்தாள். பழக்கத்தில் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்க வந்தாள். கண் கலங்கியிருந்தது. வாயில் ஏதோ ஒரு வார்த்தை வந்துவிட்டது, அவள் உதட்டில் அதைச் சகாயராணி பார்த்தாள். அப்புறம் அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் ராணி. நீயே பேசு. நான் ஏதாச்சும் சொல்லி, அது எதுல போயிச் சேருமோ.”

அது மெதுவாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அத்தை என்கிட்டப் பேச மாட்டாங்களாக்கா?”

சகாயராணிக்கு விளக்கங்கள் நிறைய வந்தன. அத்தைக்குக் கோபமில்லை, அத்தைக்குச் சங்கடம், அத்தை மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாமே எங்க அத்தை என்றுதான் ஆரம்பித்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“எனக்குத் தெரியல டெய்சி. நீயே வந்து கேளு.”

“வரலாமா?”

சகாயராணி பதில் சொல்வதற்குள், “அப்பா தூங்குறாரு. அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்” என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

ஓலை வாசித்த அன்றைக்கே, கல்யாணம் ஆகாத பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது செம்பட்டியிலும் வழக்கமில்லை, மேட்டுப்பட்டியிலும் வழக்கமில்லை. பவுல்ராஜ் விழித்தெழுந்து மகளைத் தேடினால் என்ன ஆகும் என்று நினைக்கவே சகாயராணிக்குப் பயமாக இருந்தது. கிறிஸ்துராஜுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை.

சவரியம்மாள் அடுப்படிக்குப் போனாள். கடலைமாவு டப்பாவை இறக்கித் திறந்தாள். பஜ்ஜி போட நினைத்திருப்பாள். பிறகு மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். செய்து வைத்தால் நல்லவள் என்று காட்டிக்கொள்வதாகிவிடும். செய்யாவிட்டால் வந்த பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை என்றாகிவிடும். அவள் மனதில் ஓடியது சகாயராணிக்கு அப்படியே தெரிந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் ஒரு பலகாரத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று யோசித்து அவள் பார்த்ததில்லை.

சவரியம்மாள் திரும்பினாள். பட்டுச்சேலையில் குழம்புக்கறை. முகத்தில், கணக்குப் பாடம் வராமல் டீச்சரிடம் வந்து நிற்கும் பிள்ளையின் கலக்கம்.

“ராணி, அந்தப் பிள்ளை உள்ள வந்ததும் நான் மொதல்ல என்ன பேசணும்? நீ சொல்லிக் குடு. நான் அப்படியே சொல்லிர்றேன்.”

சகாயராணி வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அது இன்னொரு வகுப்பாகிவிடும் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சவரியம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். செம்பட்டியில் இந்நேரம் பஸ் எடுத்திருப்பார்கள்.